சங்கரன்கோவிலுக்குச் சீன் படுதா வாங்கப் போனேன்

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் வாசிகசாலைக்கு நான்கு புத்தக அலுமாரி வாங்குவதா, எங்கள் நாடக மேடைக்கு நான்கு சீன் படுதா வாங்குவதா என்று மூன்று கூட்டம் நடந்தது. தலைவர் ஓய்வுபெற்ற தபாலதிபர்; அலுமாரிக் கட்சி. நான் பள்ளிக்கூட வாத்தியார், படுதாக் கட்சி. "நாடகம் பார்த்துத் திருந்தின ஒரு ஆளைக் காட்டு மாஸ்டர், இப்பவே கையெழுத்துப் போடுறன்" என்றார் தலைவர். எவ்வளவு யோசித்தும் எனக்கு அப்படி ஒருவர் நினைவுக்கு வரவில்லை. என்றாலும் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் படுதா வென்றது. வென்ற கட்சியில் அதிகம் வாயாடியவன் நான் என்பதால், இந்தியாவுக்குப் போய் அதை வாங்கிவரும் வேலையும் எனக்கே வந்து சேர்ந்தது.

இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்து அதிக நாள் ஆகவில்லை. மார்கழி விடுமுறையில் கடல் தாண்டி, சங்கரன்கோவில் ஸ்டேஷனில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இறங்கினேன். என்னை அழைத்துப்போக வந்திருந்தவர் குற்றாலலிங்கம். அவர்தான் படுதா வரைகிறவர். கடிதத்தில் இருந்த எழுத்தைப் பார்த்து அறுபது வயதுக்காரரை எதிர்பார்த்திருந்தேன். வந்தவருக்கு முப்பத்தைந்துக்கு மேல் இராது. சோடா பாட்டிலின் அடிப்பாகம் போன்ற மூக்குக்கண்ணாடி. வயிற்றுப்பாட்டுக்கு ஊரில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. மற்ற நேரமெல்லாம் நாடகம். எந்த ஆபீஸ் என்று எழுதமாட்டேன் என அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

பையை வைத்ததும், "உங்களோடு கொஞ்சம் கதைக்க வேண்டும்" என்றேன். அவர் உடனே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, சொல்லுங்கள் என்றார். எங்கள் ஊரில் கதைப்பதென்றால் பேசுவது. அவரோ, இலங்கையிலிருந்து நாடகத்துக்கு ஒரு கதை கொண்டுவந்திருக்கிறேன் என்று நம்பிவிட்டார்.

மத்தியானம் அவர் மனைவி கோமதி சாப்பாட்டுக்குச் சொதி வைத்திருப்பதாகச் சொன்னபோது எனக்கு மனம் கொஞ்சம் சோர்ந்தது. எங்கள் வீட்டில் சொதி என்பது இடியப்பத்தை நனைக்க ஊற்றும், தண்ணீர் போன்ற பால். கடல் தாண்டியும் அதுதானா என்று நினைத்தபடி இலையில் உட்கார்ந்தேன். வந்தது வேறு. கெட்டித் தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, மேலே எலுமிச்சம்பழச் சாறு; தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. இங்கே கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற விருந்தாம் அது. மூன்றாம் முறை சோறு கேட்டபோது கோமதி அம்மாள் சிரித்துக்கொண்டே, "அங்கன உள்ள சொதி எப்படி இருக்கும்?" என்று கேட்டார். ஊர் மானத்தைக் காப்பாற்ற, ஏறத்தாழ இதே மாதிரிதான் என்று பொய் சொன்னேன்.

சனிக்கிழமை புளியங்குடிக்குப் போனோம். நான்கு படுதாவில் காட்டுச் சீனை அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கு இரவல் கொடுத்திருந்தார்கள். யுத்தம் முடிந்த பிறகும் அந்தப் பஸ் கரியில்தான் ஓடியது. பின்னால் ஓர் அடுப்பைக் கட்டிக்கொண்டு, அதற்கு ஒருவன் காற்றுச் சுற்ற, அரைமணி நேரம் இருமிவிட்டுத்தான் கிளம்பியது. திரும்பும்போது சந்தையிலிருந்து எலுமிச்சை மூட்டைகள் ஏறின. மூட்டைக்கு மேல் படுதா, படுதாவுக்கு மேல் இரண்டு பேர். வழியில் ஒரு சிறு மேட்டில் பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் அதிகம் பேசவில்லை. "எல்லாரும் எறங்குங்க மக்கா. கொழுந்தியா வீட்டுக்குப் போறவனா இருந்தாலும் தள்ளிட்டுத்தான் போணும்" என்றார். எனக்கு முன்னால் தள்ளியவர் பட்டுக்கரை வேட்டி கட்டியிருந்தார். பக்கத்தில் தள்ளியவர் கோவணத்தோடு இருந்தார். மேட்டைத் தாண்டியதும் பட்டுக்கரைக்காரர் முன் ஸீட்டுக்கும் மற்றவர் மூட்டைக்குமாகப் பிரிந்துபோனார்கள். எலுமிச்சை வாசனை மட்டும் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது.

அன்று மாலை கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டேன். சிவனும் பெருமாளும் பாதிப் பாதியாக ஓருருவில் நிற்கிற கோயில். குற்றாலலிங்கம் அந்தச் சந்நிதியில் கண்ணை மூடி வெகுநேரம் நின்றார். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு, நாளைக்கு வசனம் மறக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டதாகச் சொன்னார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவருடைய நாடகம். எழுதியதும், படுதா வரைந்ததும், ராஜாவாக நடிப்பதும் அவரே. ஆபீஸ் நண்பர்கள் ஆறு பேர் மற்ற வேஷங்கள். நாடகம் பட்டப்பகலில், நான்கு மணிக்கு என்றதும் எனக்கு வியப்பாக இருந்தது. காரணம் எளிமையானது. இடம், பருத்தி மூட்டைகளைச் சேர்த்துவைக்கிற ஒரு கிட்டங்கி. (கிட்டங்கி என்ற சொல்லைக் கேட்டதும் ஊருக்கே போய்வந்தது போலிருந்தது, நாங்களும் அப்படித்தான் சொல்வோம்.) அப்போது காலியாக இருந்தாலும் மூலைக்கு மூலை பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. காஸ்லைட் ஏற்றினால் கிட்டங்கியோடு ஊரும் போய்விடும் என்று சொந்தக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். ஆகவே சூரியன் இருக்கும்போதே ராஜா நீதி வழங்கியாக வேண்டும்.

கூட்டம் நிறைந்துவிட்டது. முதல் பெஞ்சில் குற்றாலலிங்கத்தின் மேலதிகாரி, குடும்பத்தோடு. இரண்டாம் பெஞ்சில் ஊர்ப் பெரியவர்களும், இங்கே சம்சாரிகள் என்று சொல்கிற வெளியூர் விவசாயிகள் சிலரும். தரையில் தறி நெய்கிறவர்கள், கடைக்காரர்கள். கயிற்றுக்கு அந்தப்புறம் பெண்கள். நான் மேடையோரம், ஆர்மோனியக்காரருக்குப் பக்கத்தில். பஞ்சு மூக்கில் ஏறி முதல் பாட்டு முடிவதற்குள் பாதிச் சபை தும்மியது.

கதை சிரிப்புக் கதை. ஒரு ராஜா, குடிமக்களின் குறை கேட்க ஆசைப்படுகிறார். மந்திரியோ வருகிற ஓலைகளையெல்லாம் அரண்மனை அடுப்புக்கு அனுப்பிவிட்டு, நாட்டில் குறையே இல்லை என்கிறான். சந்தேகம் வந்த ராஜா சபையைப் பார்த்து நேரடியாகக் கேட்கிறார். அப்போது, சம்சாரி வேஷத்தில் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு குமாஸ்தா எழுந்து, மந்திரி சொல்லிக்கொடுத்தபடி "குறையொன்றும் இல்லை மகாராஜா" என்று உளற வேண்டும். அதுதான் ஏற்பாடு.

ராஜா வந்தார். ஜிகினாக் கிரீடம், உருட்டு மீசை. ராஜாவுக்கு மூக்குக்கண்ணாடி பொருந்தாது என்று அதைக் கழற்றி என்னிடம் கொடுத்திருந்தார். அது இல்லாவிட்டால் அவருக்கு நான்கு முழத்துக்கு அப்பால் எல்லாம் புகை. புகையைப் பார்த்து, கணீரென்ற குரலில் கேட்டார்:

"என் நாட்டில் குறையுள்ளவர் எவரேனும் உண்டா? அஞ்சாமல் உரைக்கலாம்."

"உண்டு. நான் இருக்கேன்" என்றது ஒரு பெண்குரல்.

எழுந்துகொண்டிருந்த சம்சாரிக் குமாஸ்தா பாதியில் அப்படியே நின்றார். கயிற்றுக்கு அப்பால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பெயர் மாடத்தி என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஆடு மேய்க்கிறவள். சனிக்கிழமை சந்தைக்குக் குட்டி விற்க வந்தவள், திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகவேண்டியிருந்ததால் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தாளாம். கூட்டத்தைப் பார்த்து உள்ளே வந்திருக்கிறாள்.

சபை, இதுவும் நாடகம்தான் என்று நினைத்துக் கைதட்டியது. மேடையில் இருந்தவர்களுக்கு மட்டும் உயிர் போயிற்று.

"திருவேங்கடத்துக்குக் கெழக்க எங்க ஊரு, ராசா" என்று அவள் தொடங்கினாள். "ஊருணிக்கு ஆடு போற பாதைய முள்ளு வச்சு அடைச்சிட்டாவ. ரெண்டு மைல் சுத்தித்தான் ஆட்டத் தண்ணிக்குக் கொண்டு போறேன். மனு எழுதிக் குடுத்து ஏழு வாரம் ஆச்சு. ஆபீஸ்ல மூணாவது மேசையில கண்ணாடி போட்ட ஐயா ஒருத்தர் இருக்காவ. போறப்பல்லாம் அடுத்த வாரம் வா, அடுத்த வாரம் வாங்காவ. ஏழு தடவ நடந்துட்டேன்."

கிட்டங்கியின் தகரக்கூரை அதிரும்படி ஒரு சிரிப்பு. மூன்றாவது மேசை யாருடையது என்று ஊருக்குத் தெரியும். அவளுக்கு மட்டும், மீசைக்கும் கிரீடத்துக்கும் பின்னால் இருப்பவர் யார் என்று தெரியவில்லை. அவருக்கு அவள் முகம் தெரியவில்லை. ஆனால் குரல் தெரிந்திருந்தது. என் மடியில் அந்தக் கண்ணாடி இருந்தது. நான் அதை மெல்ல வேட்டிக்குள் மறைத்துக்கொண்டேன்.

மந்திரி நெருங்கிவந்து ஏதோ முணுமுணுத்தார். படுதாவை இறக்கிவிடலாம் என்று சொல்லியிருப்பார். முதல் பெஞ்சில் மேலதிகாரியின் வழுக்கைத்தலை அசையவில்லை. அந்த நேரத்தில் ராஜாவின் முகத்தைக் கிட்டத்திலிருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். அரிதாரத்துக்குள் வேர்வை கோடு கோடாக இறங்கியது. ஒரு வார்த்தை சொல்லி அவளை உட்காரவைத்துவிட்டு வசனத்தைத் தொடர்ந்திருக்கலாம். யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். அவர் சிம்மாசனத்தை விட்டு எழுந்தார். மேடை விளிம்பு வரை தட்டுத்தடுமாறி வந்தார். செந்தமிழ் எங்கேயோ போய்விட்டது.

"யாரும்மா அடைச்சது? பயப்படாமப் பேரச் சொல்லு."

"வெள்ளைச்சாமிதான், ராசா."

எல்லாத் தலைகளும் இரண்டாம் பெஞ்சுக்குத் திரும்பின. அங்கே இருந்த கனத்த ஆள் ஒருவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். வெளியே போனார். ராஜா தீர்ப்புச் சொன்னார். பாதை திறக்கப்பட வேண்டும். ஏழு வாரம் அலையவிட்ட மூன்றாம் மேசைக் கணக்கன், அந்தப் பாதையில் ஆடுகளின் பின்னால் ஊருணி வரை நடக்கக் கடவன். கைதட்டல் ஓய்வதற்கு வெகுநேரமாயிற்று. மீதி நாடகம் எப்படி முடிந்தது என்று எனக்கு நினைவில்லை. மற்றவர்களுக்கும் இருக்காது.

அன்று வீட்டில் குற்றாலலிங்கம் சாப்பிடவில்லை. வேலை போய்விடும் என்று கோமதி அம்மாள் பயந்தார். அவருக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அவரைக் குடைந்தது வேறு. அந்த மனுவை அவர் படிக்கவேயில்லையாம். மனுக்கட்டில் அதற்கு மேல் இருந்தவை முடியட்டும் என்று விட்டிருந்தாராம். "எத்தன ராசா வேசம் போட்டு எத்தன நீதி சொல்லியிருக்கேன், அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அவரோடு ஆபீஸ் வாசல் வரை போய், எதிரே இருந்த காப்பிக் கடையில் உட்கார்ந்தேன். கடையில் வேறு பேச்சே இல்லை. மேலநீலிதநல்லூரிலிருந்து வந்த ஒருவர், நாடகத்தையே பார்க்காதவர், வெள்ளைச்சாமி எழுந்துபோன விதத்தை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். துண்டை உதறுவதில் ஒரு பிழையும் இல்லை. காப்பியை ஆற்றிக்கொண்டே நான் யோசித்தேன். அந்தப் பாதை அடைபட்டது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் முன்பே தெரிந்திருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தெரிந்திருக்கும். தனித்தனியாகத் தெரிந்ததைத் தெரியாதது போல வைத்துக்கொள்ளலாம். ஒரு ஊரே ஒரு கூரையின் கீழ் ஒரு பக்கம் பார்த்து உட்கார்ந்து, ஒரே நேரத்தில் கேட்டுவிட்ட பிறகு, எனக்குத் தெரியாதே என்று எவரும் சொல்ல முடியாது. நாடகம் ஆளைத் திருத்துமா என்பது எனக்கு இன்றும் தெரியாது. ஒளிந்துகொள்ள இடமில்லாமல் செய்துவிடும் என்பதைப் பார்த்துவிட்டேன்.

பதினோரு மணிக்குக் குற்றாலலிங்கம் வெளியே வந்தார். முகத்தில் அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. உள்ளே நடந்ததைச் சொன்னார். நாடகம் எழுதியது யார் என்று மேலதிகாரி கேட்டிருக்கிறார். நான்தான் சார் என்றிருக்கிறார் இவர். அந்தப் பொம்பளை பேசினதும் நீர் எழுதினதா என்று அடுத்த கேள்வி. இல்லை என்றிருக்கிறார்.

"அந்த எடம்தான்வே நல்லா இருந்துது" என்றாராம் மேலதிகாரி. பிறகு மனுக்கட்டை எடுத்துவரச் சொல்லி, நாளைக்கே நேரில் போய்ப் பார்த்துவர உத்தரவு போட்டுவிட்டார்.

இடையில் என் காரியமும் நடந்தது. காடு, தெரு, சிறைச்சாலை ஆகிய மூன்று படுதாக்களும் எனக்குக் கிடைத்தன. அரண்மனைப் படுதாவை மட்டும் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அதே நாடகத்தை இன்னும் இரண்டு ஊர்களில் கேட்டிருந்தார்களாம். அலுமாரிக் கட்சிக்கு என்ன பதில் சொல்வதென்று நான் கவலைப்படவில்லை. சொல்ல இப்போது என்னிடம் ஒரு கதை இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவரோடு நானும் புறப்பட்டேன். அந்த வருஷம் மழை பிந்தியிருந்தது. திங்கள் மாலைதான் கொட்டித் தீர்த்தது. எங்கள் ஊர்ச் செம்மண்ணில் மழை பெய்தால் அரைமணி நேரத்தில் செருப்புப் போட்டு நடக்கலாம். கரிசல் அப்படியில்லை. பஸ் ஓரிடத்தில் புதைந்து நின்றுவிட, மீதியை நடந்தோம். பத்து அடிக்கு ஒரு தரம் காலில் இரண்டு படி மண் ஏறியது. செருப்பைக் கையில் எடுத்தோம். மண்ணே காலுக்குச் செருப்பாகிவிட்டது. குற்றாலலிங்கம் மனுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, தவறி விழுந்தாலும் சர்க்கார் காகிதம் நனையக்கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். சொல்லி முடிப்பதற்குள் நான் விழுந்தேன்.

போய்ச் சேர்ந்தால், முள்வேலி இல்லை. உருவிய முட்கள் ஓரமாகக் குவிந்திருந்தன. பக்கத்தில் வெள்ளைச்சாமி நின்றிருந்தார். முகம் புதிதாக வழித்திருந்தது. அதற்கும் ஒரு கதை இருந்தது. யார் சொல்லி வேலியை எடுத்தீர்கள் என்று குற்றாலலிங்கம் கேட்டதும் அவர் கொட்டிவிட்டார்.

"ஊருக்கு நான் வாரதுக்கு முன்ன கத வந்து சேந்துட்டு. பஸ்ஸுல கண்டக்டர் கேக்கான், பாதைய எப்பத் தெறப்பீருன்னு. சலூன்ல பாதிச் செரைப்புல கத்திய நிறுத்திக்கிட்டுக் கேக்கான். மீதியும் செரைக்கணும்லா. இன்னைக்கே தெறக்கேன்னுட்டேன்."

பிறகு குரல் தாழ்ந்தது. "ஆனா ஒண்ணு கேக்கேன். ராசா ஒரு பக்கத்தக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லிட்டாரு. எம் பருத்தி மொளைச்சு நாலு எல விட்டதும் ஆடு மேஞ்சுட்டுப் போச்சே, அத யாரு கேட்டா? எனக்கும் ஒரு வேசம் குடுத்திருந்தா நானும் மேடையேறிச் சொல்லியிருப்பேன்."

குற்றாலலிங்கம் ஓரமாகக் கிடந்த கல்லில் உட்கார்ந்தார். மாடத்தியையும் ஆள் விட்டு அழைத்துவரச் செய்தார். மூக்குக்கண்ணாடியோடு அவரைக் கண்டதும் மூன்றாம் மேசை ஐயா என்று அடையாளம் கண்டுகொண்டாள். குரலைக் கேட்டதும் ராசா யார் என்பதும் புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் வெள்ளைச்சாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. குற்றாலலிங்கம் முதலில் வெள்ளைச்சாமியைப் பேசச் சொன்னார். பிறகு அவளை. ஊர் மெல்ல மெல்லக் கூடிச் சுற்றி உட்கார்ந்தது. ஒருவர் மாட்டுவண்டியில் ஏறி நின்றுகொண்டார். அரைமணியில் ஒரு வழி பிறந்தது. எட்டடிப் பாதை, ஆடு பருத்திக்குள் இறங்காதபடி இருபுறமும் முள், முள் வெள்ளைச்சாமியுடையது, அடைக்கிற வேலை மாடத்தியின் தம்பிமாருடையது. எழுதி வாசித்தபோது பின்னாலிருந்து ஒரு குரல், கேட்கவில்லை, உரக்கப் படியும் என்றது. குற்றாலலிங்கம் எழுந்து நின்று, ராஜாவின் குரலில் இரண்டாம் முறை படித்தார்.

வந்த வேலை முடிந்ததென்று நான் ஊருக்குத் திரும்பத் தயாரானேன். குற்றாலலிங்கமோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது அறுபது ஆடுகள் பாதையில் இறங்கின, பின்னால் மாடத்தி, அவளுக்குப் பின்னால் சேற்றில் வழுக்கியபடி சர்க்கார் குமாஸ்தா. ஒருவரும் கேலி செய்யவில்லை. ஊருணிக் கரையில் வெள்ளைச்சாமி எங்களுக்கு ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். கறிவேப்பிலையும் உப்பும் தட்டிப்போட்ட மோர். அப்படி ஒரு மோரை நான் ஊரில் குடித்ததில்லை. இதில் பொய் சொல்ல அவசியமும் இல்லை.

ஆடுகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது மாடத்தியிடம் கேட்டேன். ஏழு வாரம் ஆபீசில் வாய் திறக்காதவள், அத்தனை பேர் முன்னால் எப்படித் துணிந்து எழுந்தாய் என்று. அவள் ஆடுகள்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

"துணிச்சல்லாம் இல்ல, எய்யா. ஆபீஸ்ல யாரும் என்னன்னு கேக்கல. அங்கன ராசா கேட்டாவ. கேட்டா சொல்லணும்லா."

சொல்லிவிட்டு, சேற்றில் கால் புதைந்து கத்திக்கொண்டிருந்த ஒரு குட்டியைத் தூக்கப் போய்விட்டாள்.